பெறுநர் யார்? கூட்டரசு முறையும் நம் மாணவர்களின் அலுவல் கடிதமும்



‘தோட்டப்புறத் தமிழ்ப்பள்ளிகளின் எதிர்காலம்’ என்று ஒரு தலைப்பைக் கொடுத்து நம் மாணவர்களைக் கட்டுரை எழுதச் சொல்லிப் பாருங்கள். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் தவறாமல் வரும்: “எனவே, அரசாங்கம் இதில் தலையிட்டு ஆவன செய்ய வேண்டும்.” சந்தி சரி, இலக்கணம் சரி. நாமும் புள்ளி கொடுத்துவிட்டு அடுத்த தாளைப் புரட்டிவிடுவோம். ஆனால் அந்த வாக்கியத்துக்கு முகவரியே இல்லை. எந்த அரசாங்கம்? கோலாலம்பூர் நாடாளுமன்றமும் புத்ராஜெயா அமைச்சுகளும் சேர்ந்த மத்திய அரசா? அலோர் ஸ்டார் விஸ்மா டாருல் அமானில் இருக்கும் கெடா மாநில அரசா?

மாணவர்கள் மட்டும் இப்படி எழுதுவதில்லை. பெற்றோரும் இப்படித்தான் பேசுகிறார்கள். “ஒய்.பி. கிட்ட சொல்லியாச்சு டீச்சர், இன்னும் ஒண்ணும் நடக்கல.” எந்த ஒய்.பி.? நாடாளுமன்ற உறுப்பினரையும் ஒய்.பி. என்கிறோம், சட்டமன்ற உறுப்பினரையும் ஒய்.பி. என்கிறோம். கெடாவில் 15 நாடாளுமன்றத் தொகுதிகள், 36 சட்டமன்றத் தொகுதிகள். இருவர் கையிலும் இருக்கும் அதிகாரம் ஒன்றல்ல. தவறான ஆளிடம் மனுக் கொடுத்தால் அவர் மறுக்கக்கூட மாட்டார். சிரித்த முகத்தோடு வாங்கி வைத்துக்கொள்வார். நமக்குத்தான் இரண்டு மூன்று வருடம் போய்விடும்.

படிவம் ஐந்து வரலாற்றுப் பாடநூலில் கூட்டரசு முறைக்கென்று ஓர் இயலே இருக்கிறது. மாணவர்கள் அதை மலாயில் படிக்கிறார்கள், பட்டியல்களை மனனம் செய்கிறார்கள், தேர்வில் எழுதுகிறார்கள். அந்தப் பட்டியலுக்கும் தங்கள் தோட்டத்துக் கோவிலுக்கும் தொடர்பு உண்டு என்று யாரும் சொல்வதில்லை. நாம் சொல்லலாம். ஏனென்றால் அலுவல் கடிதம் சொல்லித் தருவது நாம்தான். ‘பெறுநர்’ என்ற இடத்தில் என்ன எழுதுவது என்பது மொழிப்பாடக் கேள்வி மட்டுமல்ல, அரசியலமைப்புக் கேள்வியும்கூட. வகுப்பில் நேராகப் பயன்படுத்தும்படி அதை இங்கே விளக்கப் பார்க்கிறேன்.

கெடா எப்படி உள்ளே வந்தது?

கூட்டரசு என்றால் ஒரு பெரிய அரசாங்கம் தன் வசதிக்காக நாட்டைத் துண்டு துண்டாகப் பிரித்துக்கொண்டது என்று மாணவர்கள் நினைக்கிறார்கள். நம் நாட்டில் நடந்தது நேர் எதிர். மாநிலங்கள்தான் முதலில் இருந்தன.

கெடா ஒரு பழைய சுல்தானகம். சயாமின் மேலாதிக்கத்தில் இருந்த கெடா, 1909 மார்ச்சில் கையெழுத்தான ஆங்கிலேய–சயாமிய ஒப்பந்தத்தின் வழி பிரிட்டிஷாரின் கீழ் வந்தது. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கும் அதற்கு முன்பே கூட்டு மலாய் மாநிலங்களாக ஒன்றாக்கப்பட்டிருந்தன. கெடா அதில் சேரவில்லை. சுல்தானின் சம்மதம் இல்லாமல் கெடாவை வேறு மாநிலத்தோடு இணைக்கக் கூடாது என்று 1923 இல் பிரிட்டிஷாரோடு தனி ஒப்பந்தமே போட்டுக்கொண்டது.

1946 ஏப்ரல் 1 இல் வந்த மலாயன் யூனியன் இதையெல்லாம் ஓரங்கட்டி அதிகாரத்தை மையத்தில் குவிக்கப் பார்த்தது. எதிர்ப்பு வலுத்தது. 1948 பிப்ரவரி 1 இல் மலாயாக் கூட்டரசு வந்தது. பிறகு சுதந்திர நாட்டின் அரசியலமைப்பை வரைய ரீட் ஆணையம் அமைக்கப்பட்டது. ரீட் பிரபு தலைவர். பிரிட்டன், ஆஸ்திரேலியா, இந்தியா, பாகிஸ்தான் நாட்டு வல்லுநர்கள் உறுப்பினர்கள். அவர்களில் ஒருவரான சர் ஐவர் ஜென்னிங்ஸ், அதற்கு முன் இலங்கை அரசியலமைப்பு உருவானபோதும் ஆலோசனை சொன்னவர். வலுவான மத்திய அரசு வேண்டும், மாநிலங்களுக்கும் ஓரளவு தன்னாட்சி வேண்டும். இந்த இரண்டையும் ஒரே தாளில் எழுதுவதுதான் அவர்களுக்குக் கொடுக்கப்பட்ட வேலை. 1957 ஆகஸ்ட் 31 இல் நடப்புக்கு வந்த அரசியலமைப்பில் அந்த இழுபறி இன்றும் தெரிகிறது.

மாணவர்களிடம் ஒரு வரியில் சொல்ல வேண்டுமானால்: மாநிலங்கள் பலவற்றை விட்டுக்கொடுத்தன, நிலத்தை மட்டும் விடவில்லை.

மூன்று பட்டியல்கள்

யாருக்கு என்ன என்பது கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாவது அட்டவணையில் இருக்கிறது. முதலாவது மத்தியப் பட்டியல், இரண்டாவது மாநிலப் பட்டியல், மூன்றாவது பொதுப் பட்டியல்.

மத்தியப் பட்டியல் மிக நீளமானது. வெளியுறவு, தற்காப்பு, போலீஸ், குடியுரிமை, நிதி, வாணிபம், போக்குவரத்து, கல்வி, மருத்துவம், தொழிலாளர் நலன் எல்லாம் அதில் அடங்கும். நாம் வாங்கும் சம்பளம், பாடத்திட்டம், எஸ்.பி.எம். தேர்வு, பிள்ளையின் பிறப்புப் பத்திரம், தோட்டத் தொழிலாளியின் குறைந்தபட்சச் சம்பளம் ஆகிய அனைத்தும் அங்கிருந்துதான் வருகின்றன.

மாநிலப் பட்டியல் சிறியது. நிலம், விவசாயம், காடு, ஊராட்சி (அதாவது நகராண்மைக் கழகங்களும் மாவட்ட மன்றங்களும்), இஸ்லாமிய சமய விவகாரங்கள், மாநில விடுமுறைகள், சந்தைகள், இடுகாடு சுடுகாடு ஆகியவை அதில் உள்ளன. ஆமைகளும் ஆற்று மீன்பிடிப்பும்கூட அதில் உண்டு. வகுப்பில் ஆமையிலிருந்து தொடங்குங்கள், பிள்ளைகள் மறக்க மாட்டார்கள்.

பொதுப் பட்டியலில் இருப்பவை இருவருக்கும் உரியவை: சமூக நலன், உபகாரச் சம்பளம், நகரத் திட்டமிடல், பொதுச் சுகாதாரம், வடிகால் நீர்ப்பாசனம், கலாச்சாரமும் விளையாட்டும், வீட்டு வசதி. குடிநீர் விநியோகமும் 2005 திருத்தத்தின் வழி தீபகற்ப மாநிலங்களுக்கு இந்தப் பட்டியலுக்கு வந்தது. ஆனால் ஆறு மாநிலத்தினுடையதுதான்.

சபா, சரவாக் மாநிலங்களுக்கு இதைவிடக் கூடுதல் அதிகாரம் உண்டு. 1963 இல் மலேசியா அமைந்தபோது அவை பேசி வாங்கியவை அவை. அதைத் தனிப் பாடமாகவே எடுக்கலாம்; இங்கே தீபகற்பத்தோடு நிறுத்திக்கொள்கிறேன்.

பட்டியலைப் படித்தால் மட்டும் போதாது

பட்டியலோடு சேர்த்து மூன்று விதிகளை மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஒன்று, 75 ஆம் பிரிவு. மத்தியச் சட்டமும் மாநிலச் சட்டமும் முரண்பட்டால் மத்தியச் சட்டமே நிற்கும்.

இரண்டு, 77 ஆம் பிரிவு. எந்தப் பட்டியலிலும் இல்லாத விஷயம் மாநிலத்துக்குச் சேரும். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் மத்தியப் பட்டியல் அவ்வளவு நீளம் என்பதால் மிச்சம் இருப்பது கொஞ்சம்தான்.

மூன்று, 76 ஆம் பிரிவின் நான்காவது உட்பிரிவு. நமக்கு மிக முக்கியமானது இதுதான். நிலம், ஊராட்சி போன்றவை மாநிலத்துக்கு உரியவையாக இருந்தாலும், நாடு முழுக்கச் சட்டம் ஒரே சீராக இருப்பதற்காக நாடாளுமன்றம் சட்டம் எழுதலாம். 1966 ஜனவரி 1 இல் நடப்புக்கு வந்த தேசிய நிலச் சட்டத் தொகுப்பு அப்படி வந்தது. 1976 ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டமும் அப்படித்தான். ஆனால் சட்டத்தை எழுதுவது வேறு, அந்தச் சட்டத்தின் கீழ் முடிவெடுப்பது வேறு. நிலச் சட்டத்தை எழுதியது கோலாலம்பூர். ஒரு குறிப்பிட்ட துண்டு நிலத்தை யாருக்குக் கொடுப்பது, எதற்குப் பயன்படுத்த விடுவது என்று முடிவெடுப்பது அலோர் ஸ்டார். இந்த வித்தியாசம் பிடிபட்டுவிட்டால் மற்றவை தானாகப் புரியும்.

ஒரு தமிழ்ப்பள்ளி, இரண்டு அரசாங்கம்

கெடாவில் ஐம்பதுக்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. பல, பீடோங், சுங்கை பட்டாணி, கூலிம், பாடாங் செராய், பாலிங் வட்டாரங்களில் கித்தாத் தோட்டங்களுக்குள் பிறந்தவை. தொழிலாளர் பிள்ளைகளுக்காகத் தோட்ட நிர்வாகம் ஒரு கொட்டகையைப் போட்டுக் கொடுத்தது. நிலம் தோட்டத்தின் பெயரிலேயே இருந்தது. அன்றைக்கு யாருக்கும் அது ஒரு குறையாகத் தெரியவில்லை.

பிறகு கித்தா போய்ச் செம்பனை வந்தது. தோட்டங்கள் கைமாறின. சில இடங்களில் வீடமைப்புத் திட்டங்களும் தொழிற்பேட்டைகளும் வந்தன. சனம் லயன் வீட்டை விட்டுப் பட்டணத்துக்குப் போனது. பள்ளி மட்டும் பிள்ளைகள் குறைந்து செம்பனைக் காட்டுக்குள்ளே நின்றது. இன்னொரு பக்கம், சனம் போய்ச் சேர்ந்த தாமான்களில் தமிழ்ப்பள்ளி இல்லை. பள்ளியை அங்கே மாற்ற வேண்டும், அல்லது இருக்கும் இடத்திலேயே புதுக் கட்டடம் வேண்டும். இங்கேதான் இரண்டு அரசாங்கமும் ஒரே வாசலில் வந்து நிற்கின்றன.

கல்வி மத்தியப் பட்டியல். எனவே கட்டட நிதி, ஆசிரியர், பள்ளி உரிமம், இடமாற்ற அனுமதி எல்லாம் கல்வி அமைச்சின் கையில். நிலம் மாநிலப் பட்டியல். எனவே விவசாய நிலத்தின் பயன்பாட்டை மாற்றுவது, பெரிய நிலத்திலிருந்து பள்ளிக்கென்று ஒரு பகுதியைப் பிரித்துத் தனிக் கிராண்ட் கொடுப்பது, மாநில நிலத்தை ஒதுக்குவது எல்லாம் மாநில அரசின் கையில். மத்திய அரசு நினைத்தாலும் மாநில நிலத்தைத் தானாக எடுத்துக்கொள்ள முடியாது. அரசியலமைப்பின் 83 ஆம் பிரிவின் வழி, மாநிலத்தோடு கலந்து பேசித்தான் கேட்க வேண்டும். தனியார் நிலத்தைப் பொது நோக்கத்துக்காக எடுப்பதானாலும் 1960 ஆம் ஆண்டு நில எடுப்புச் சட்டத்தின் கீழ் மாநிலத்தின் வழியாகத்தான் போக வேண்டும்.

நம் பள்ளிகளில் பல ‘பகுதி உதவி’ பெறும் பள்ளிகள் என்று அழைக்கப்படுவதற்கும் இதுவே பின்னணி. ஆசிரியர் சம்பளத்தையும் பாடநூலையும் மத்திய அரசு முழுமையாகக் கொடுக்கும். பெரிய கட்டட ஒதுக்கீடு என்று வரும்போது மட்டும் “நிலம் யார் பேருல இருக்கு?” என்ற கேள்வி முன்னால் வந்து நிற்கும்.

ஆக, நாடாளுமன்ற உறுப்பினர் மேடையில் கட்டட நிதி அறிவிப்பது உண்மையாகவே இருக்கலாம். நிலம் தயாராகும்வரை அந்தப் பணத்துக்கு வேலை இல்லை. சட்டமன்ற உறுப்பினர் நிலம் வாங்கித் தருவேன் என்பதும் உண்மையாகவே இருக்கலாம். அமைச்சின் அனுமதி இல்லாமல் அந்த நிலத்தில் பள்ளி எழும்பாது. இருவரும் பொய் சொல்லாமலேயே பள்ளி கட்டப்படாமல் போகலாம். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அப்படி நடுவில் இருப்பது பள்ளி மேலாளர் வாரியமும் பெற்றோர் ஆசிரியர் சங்கமும்தான். அவர்கள் எழுத வேண்டியது இரண்டு கடிதங்கள். ஒன்று அமைச்சுக்கு, ஒன்று மாநிலத்துக்கு. ஒவ்வொன்றின் நகலும் மற்றவருக்கு.

கோவில், மயானம், வீடு

கோவில் விவகாரமும் இதே கணக்குத்தான். இந்து சமயத்துக்கென்று மாநிலப் பட்டியலில் தனி வரி கிடையாது. ஆனால் கோவில் நிற்பது மண்ணின்மேல். மண் மாநிலத்தினுடையது. கட்டட அனுமதி ஊராட்சி மன்றத்தினுடையது, அதுவும் மாநிலப் பட்டியல். தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர்களும் ரயில் பாதையில் வேலை செய்தவர்களும் கட்டிய கோவில்கள் பலவற்றுக்குக் கிராண்ட் இருந்ததில்லை. 2020 ஜூலையில் அலோர் ஸ்டார் ரயில் நிலையப் பகுதியில் இருந்த மதுரை வீரன் கோவில் மாநகராண்மைக் கழகத்தால் இடிக்கப்பட்டது நம் எல்லாருக்கும் நினைவிருக்கும். இப்படிப்பட்ட நேரத்தில் மத்திய அமைச்சர் பேசலாம், கேட்கலாம், பேச்சுவார்த்தைக்கு ஏற்பாடு செய்யலாம். ஒரு நகராண்மைக் கழகத்துக்கு “நிறுத்து” என்று ஆணையிடும் அதிகாரம் மாநிலத்திடம்தான் இருக்கிறது. அதனால் கோவில் நிலத்துக்கு மனு எழுதும் நேரம், இயந்திரம் வாசலுக்கு வந்த பிறகு அல்ல. நில அலுவலகத்தில் நிலத்தின் நிலை என்ன என்று இன்றைக்கே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

மயான நிலமும் மாநிலப் பட்டியலிலேயே பெயர் சொல்லிக் குறிக்கப்பட்டிருக்கிறது. தகனக் கொட்டகை வேண்டும் என்று கேட்பவர்கள் முதலில் போக வேண்டிய இடம் ஊராட்சி மன்றமும் நில அலுவலகமும்.

தோட்டத்து வீடு இன்னும் சிக்கல். வேலையில் இருக்கும் வரை அந்த வீடு தொழிலாளர் விவகாரம். 1990 ஆம் ஆண்டில் வந்த தொழிலாளர் வீட்டு வசதிக் குறைந்தபட்சத் தரச் சட்டம் மத்தியச் சட்டம். கூரை ஒழுகினால், தண்ணீர் வராவிட்டால் தொழிலாளர் இலாகாவில் புகார் செய்யலாம். வேலை முடிந்ததும், தோட்டம் கைமாறியதும், அதே வீடு நில விவகாரம் ஆகிவிடுகிறது. நிலச் சட்டத் தொகுப்பில் தோட்ட நிலம் கைமாறுவதைக் கட்டுப்படுத்தும் ஒரு பிரிவும் இருக்கிறது. அதைக் கவனிக்கும் தோட்ட நில வாரியம் மாநில அளவில் இயங்குகிறது. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்த குடும்பத்துக்குப் பெறுநர் ஒரே நாளில் மாறிவிடுகிறார். இதைச் சொல்லிக் கொடுக்க ஆளில்லாமல் தவித்தவர்கள் நம் மாணவர்களின் தாத்தா பாட்டிகள்.

வெள்ளியா, ஞாயிறா?

இது மாணவர்களுக்கு உடனே புரியும் எடுத்துக்காட்டு. கல்வி மத்தியப் பட்டியலில் இருக்கிறது. அப்படியானால் எல்லாப் பள்ளிகளும் ஒரே நாளில் திறக்க வேண்டுமே? கெடாவில் வார விடுமுறை வெள்ளி, சனி. சுங்கை மூடா ஆற்றைத் தாண்டினால் பினாங்கில் சனி, ஞாயிறு. வார விடுமுறையை முடிவு செய்வது மாநிலம். பள்ளி நாட்காட்டியை அச்சிடும் கல்வி அமைச்சு அதற்கு ஏற்ப மாநிலங்களை இரண்டு பிரிவாக வைத்துக்கொள்கிறது. ஜொகூர் 2014 இல் வெள்ளி, சனிக்கு மாறியது. 2025 ஜனவரி 1 முதல் மீண்டும் சனி, ஞாயிற்றுக்குத் திரும்பியது. ஒவ்வொரு முறையும் பள்ளிகளும் கூடவே மாறின.

சுங்கை பட்டாணியில் குடியிருந்து பட்டர்வொர்த்தில் வேலை செய்யும் அப்பாவுக்கு ஞாயிறு ஓய்வு. பிள்ளைக்கு அன்று பள்ளி. அலோர் ஸ்டார் அலுவலகம் புத்ராஜெயாவோடு பேச வேண்டுமானால் இரண்டும் திறந்திருக்கும் நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரை நான்குதான். ‘அதிகாரப் பகிர்வு’ என்ற பெரிய சொல் ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கே வந்துவிடுகிறது, பாருங்கள்.

தைப்பூசமும் இப்படித்தான். தீபாவளி விடுமுறையை மத்திய அரசின் பட்டியலில் காணலாம். தைப்பூசம் மாநிலத்துக்கு மாநிலம் வேறுபடுகிறது. பினாங்கு, பேராக், சிலாங்கூரில் அது மாநில விடுமுறை. கெடாவிலோ ஆண்டுதோறும் தனியாக அறிவிக்கப்படும் விடுமுறையாகவே இருந்து வந்தது. 2021 இல், நடமாட்டக் கட்டுப்பாட்டுக் காலத்தில், மாநில அரசு அந்த விடுமுறையை ரத்து செய்தது. நாடு முழுக்க விவாதம் நடந்தது. ஆனால் முடிவு அலோர் ஸ்டாரில் எடுக்கப்பட்டது.

பணம் யாரிடம்?

அதிகாரம் இருந்தும் காசு இல்லாவிட்டால் என்ன செய்ய முடியும்? வருமான வரி, சுங்க வரி போன்ற பெரிய வரிகள் மத்திய அரசுக்கே. மாநிலத்தின் வருமானங்கள் பத்தாவது அட்டவணையில் பட்டியலிடப்பட்டிருக்கின்றன. அதில் முதல் வரி என்ன தெரியுமா? கள்ளுக்கடை வருமானம்! பீடோங் வட்டாரத்து ஹார்வர்ட் தோட்டத்தில் உருவான தொண்டர் படை, 1940களின் பிற்பாதியில் கள்ளுக்கடைகளை எதிர்த்துப் போராடியதை நம் தோட்டப்புற வரலாற்றில் படிக்கிறோம். அதே கள்ளு சில ஆண்டுகளில் அரசியலமைப்பில் மாநில வருமானமாக இடம் பிடித்தது. தமிழ் வகுப்பில் விவாதிக்க இதைவிட நல்ல தலைப்பு கிடைக்காது.

அடுத்த வரி நிலம், சுரங்கம், காடு. அதனால்தான் மாநிலங்கள் நிலத்தையும் மரத்தையும் நம்பியே இருக்கின்றன. மத்திய அரசு தலைக்கு இவ்வளவு என்று ஒரு மானியமும், மாநிலச் சாலைகளுக்கு ஒரு மானியமும் 109 ஆம் பிரிவின் கீழ் கொடுக்கிறது. அது போதாது என்பது மாநிலங்களின் பழைய குறை.

கெடாவின் உலு மூடா காட்டைப் பாருங்கள். அந்தக் காட்டு நீர்தான் பெடு, மூடா அணைகளில் தேங்கி நம் நெல்வயல்களுக்கு வருகிறது. அந்த வயல்களைக் கவனிக்கும் மாடா வாரியம் 1970 இல் அமைக்கப்பட்ட மத்திய நிறுவனம். அதே காட்டு நீர் சுங்கை மூடா ஆற்றில் ஓடி, பினாங்கின் குடிநீரில் பெரும்பகுதியைக் கொடுக்கிறது. மரத்தை வெட்டினால் கெடாவுக்கு வருமானம். வெட்டாமல் காப்பாற்றினால் பயன் பலருக்கு, வருமான இழப்பு கெடாவுக்கு. அதனால்தான் ஆண்டுக்கு 50 மில்லியன் ரிங்கிட் தர வேண்டும் என்று பினாங்கிடம் கெடா கேட்டு வந்தது. ஆறு இயற்கையாக ஓடுகிறது, நாங்கள் எங்கள் எல்லைக்குள் வரும் நீரைத்தான் எடுக்கிறோம் என்பது பினாங்கின் பதில். யார் சரி என்பதை மாணவர்களே பேசட்டும்.

பெயர்ப்பலகையை மட்டும் நம்ப வேண்டாம்

‘கெடா மாநிலக் கல்வி இலாகா’ என்ற பெயரில் மாநிலம் இருக்கிறது. ஆனால் அது மத்தியக் கல்வி அமைச்சின் கிளை. மந்திரி பெசார் நினைத்தாலும் அங்கே ஓர் ஆசிரியரை மாற்ற முடியாது. மாவட்ட நில அலுவலகத்தில் வேலை நடப்பது தேசிய நிலச் சட்டத்தின்படி. ஆனால் அது மாநிலத்தின் அலுவலகம்.

சாலையில் எண் மட்டும் இருந்தால் அது கூட்டரசுச் சாலை. எண்ணுக்கு முன்னால் கெடாவைக் குறிக்கும் ‘கே’ என்ற எழுத்து இருந்தால் மாநிலச் சாலை. குப்பையைப் பாருங்கள்: பினாங்கில் அது நகராண்மைக் கழகத்தின் வேலை. கெடாவிலோ 2007 ஆம் ஆண்டுத் திடக்கழிவு மேலாண்மைச் சட்டத்தை மாநிலம் ஏற்றுக்கொண்டதால் மத்திய அரசின் திடக்கழிவுக் கழகம் கவனிக்கிறது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் சரியான பெறுநர், இந்தப் பக்கம் தவறான பெறுநர்.

இந்தியாவிலும் இலங்கையிலும்

இந்திய அரசியலமைப்பிலும் மூன்று பட்டியல்கள் உண்டு. ஆனால் அங்கே பட்டியலில் இல்லாத மிச்ச அதிகாரம் மத்திய அரசுக்குப் போகிறது. நம் நாட்டில் மாநிலத்துக்கு. மாநிலப் பட்டியலில் இருந்த கல்வியை 1976 இல் நிறைவேறிய 42 ஆவது திருத்தம் பொதுப் பட்டியலுக்கு மாற்றியது. தமிழ்நாடு இன்றும் அதைப் பற்றி வாதாடுவதற்குக் காரணம் அதுதான். இலங்கை கூட்டரசு நாடல்ல. 1987 இல் 13 ஆவது திருத்தத்தின் வழி மாகாண சபைகள் வந்தன. நிலம், போலீஸ் அதிகாரங்கள் தாளில் எழுதப்பட்டும் முழுமையாகக் கைமாறவில்லை. மூன்று நாட்டுத் தமிழர்களுக்கும் கேள்வி ஒன்றே: நம் வாழ்க்கையைத் தொடும் முடிவு எந்த மேசையில் எடுக்கப்படுகிறது?

வகுப்பறைக்கு ஒரு நடவடிக்கை

மாணவர்களை நால்வர் குழுக்களாகப் பிரியுங்கள். கீழுள்ள சிக்கல்களைச் சீட்டில் எழுதிக் குலுக்குங்கள். ஒவ்வொரு குழுவும் முதலில் பெறுநரை முடிவு செய்து, காரணம் சொல்லி, பிறகு அலுவல் கடிதம் எழுத வேண்டும்.

1. பள்ளியில் ஆறு மாதமாகக் கணித ஆசிரியர் இல்லை. (மாவட்டக் கல்வி இலாகா. மத்திய அரசு)
2. தோட்டத்து மயானத்துக்குத் தனி நிலம் வேண்டும். (நில அலுவலகம், நகல் ஊராட்சி மன்றத்துக்கு. மாநில அரசு)
3. பாட்டிக்கு இன்னும் சிவப்பு அடையாள அட்டைதான். (தேசியப் பதிவு இலாகா. மத்திய அரசு)
4. தோட்டத்தில் குறைந்தபட்சச் சம்பளம் கொடுப்பதில்லை. (தொழிலாளர் இலாகா. மத்திய அரசு)
5. தாமான் பூங்காவில் விளக்கு எரியவில்லை. (நகராண்மைக் கழகம். மாநில அரசு)
6. தமிழ்ப்பள்ளியைத் தோட்டத்திலிருந்து தாமானுக்கு மாற்ற வேண்டும். (இரண்டு கடிதம்: கல்வி அமைச்சு, மாநில அரசு)

புள்ளி வழங்கும்போது மொழிக்குக் கொடுப்பது போலவே பெறுநருக்கும் இரண்டு புள்ளி ஒதுக்குங்கள். ஆறாவது சிக்கலுக்கு ஒரே கடிதம் எழுதிய குழுவிடம், “நிலம் யாரு குடுப்பா?” என்று மட்டும் கேளுங்கள். மற்றதை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். முடிந்தால் ஒரு கடிதத்தை உண்மையாகவே அனுப்பச் செய்யுங்கள். வரும் பதிலும் ஒரு பாடம், பதில் வராததும் ஒரு பாடம்.

அதிகாரம் பிரிந்து கிடப்பது தொல்லைதான். ஒருவர் மற்றவர் மேல் பழியைப் போட்டுவிட்டு நகர்ந்துகொள்ள அது வசதியாக இருக்கிறது. ஆனால் அதில் ஒரு நன்மையும் உண்டு. ஒரே கதவுதான் இருந்திருந்தால் அது மூடியதும் நம் கதை முடிந்திருக்கும். இரண்டு கதவு இருக்கும் வீட்டில் எந்தக் கதவு எந்த அறைக்குப் போகிறது என்று தெரிந்தவனுக்கு வாய்ப்பு அதிகம். இனிமேல் “அரசாங்கம் ஆவன செய்ய வேண்டும்” என்று ஒரு மாணவர் எழுதினால், சிவப்பு மையில் பக்கத்தில் இரண்டே சொல் எழுதுங்கள்: எந்த அரசாங்கம்?